யூசுஃப் வீடு திரும்புகிறான்

யூசுஃப் மறுபடியும் வெடிக்காமல் வீட்டுக்கே திரும்பிவிட்டான்.

தரமணியில் இருந்த அந்த ஸ்டூடியோவுக்கு இது பெரிய தலைவலி. லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்திருந்த இயக்குநர் ஹால்வர்சனுக்கு அதைவிடப் பெரிய தலைவலி. அவருடைய படத்தில் யூசுஃப் செய்யவேண்டிய வேலை மிகச் சின்னது. தோளில் பையை மாட்டிக்கொண்டு, மனைவியிடம் விடைபெற்று, படகுத்துறைக்குப் போய், கூட்டத்தின் நடுவில் நின்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதோடு அவன் கதை முடிந்தது. அவனோ துறைவரை ஒழுங்காகப் போகிறான், கூட்டத்தில் நிற்கிறான், கடலைப் பார்க்கிறான், பிறகு பையோடு திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கிறான்.

"மூலத்தைக் கூப்பிடுங்கள்" என்று ஹால்வர்சன் சொல்லிவிட்டார். மூலம் என்றால் வியாதி அல்ல, மொகுதூம் நெய்னா.

மொகுதூமுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம், பிழைப்பு சென்னையில். டப்பிங் கலைஞர். இருபது வருஷமாக அமெரிக்கப் படங்களில் எந்த அரபிக்காரன் வெடித்தாலும், வெடிக்குமுன் அவன் ஆங்கிலத்தில் கத்துவதைத் தமிழில் கத்துவது அவர் குரல்தான். கத்திக் கத்தித் தொண்டை கரகரப்பானதே தவிர, தாடிக்காரன் ஒருத்தன்கூடத் திரையில் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு டீ குடித்ததை அவர் பார்த்ததில்லை. ஆகவே, "உங்கள் முகம், உங்கள் குரல், உங்கள் வாழ்க்கை எல்லாவற்றையும் வைத்து ஒரு பாத்திரம், படகோட்டி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்" என்று வந்து கேட்டபோது மனிதர் குளிர்ந்துபோனார். படகோட்டி எதற்காகப் படகுத்துறைக்குப் போகிறான் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மனைவி பல்கீஸ் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"என்ன காரியம் செஞ்சிட்டு வந்திருக்கிய? இத்தன நாளு குரலத்தான் குடுத்திய. இப்ப மொவத்தயும் குடுத்துட்டிய. நாளைக்கு பஸ்ஸுல ஒங்க பக்கத்துல எவனாவது ஒக்காருவானா?"

"படந்தானே பல்கீஸ்."

"நமக்குப் படம். பாக்குறவனுக்கு?"

அந்தக் கேள்வி ஒரு மாதமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால், யூசுஃப் வெடிக்க மாட்டேன் என்கிறான் என்று ஸ்டூடியோவிலிருந்து போன் வந்ததும் மொகுதூமுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வெளியே காட்டிக்கொள்ளாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பிரமீளா வாசலிலேயே காத்திருந்தாள். யூசுஃப்பை உருவாக்கிய குழுவுக்கு அவள்தான் தலைவி.

"வாங்க பாய். டைரக்டர் செம கடுப்புல இருக்காரு. கொஞ்சம் பார்த்துப் பேசுங்க."

"எனக்கு மொதல்ல ஒண்ணு புரியணும். அவன் ஒங்க பொம்மைதானே? பொத்தான அழுத்துன்னு சொன்னா அழுத்த வேண்டியதுதானே?"

"பொம்மைன்னா அழுத்திடும். இது நிழல் பாய். நிழலுக்கு வசனம் கிடையாது, இதைச் செய் அதைச் செய்னு சொல்லவும் முடியாது. ஒரு வாழ்க்கையைக் குடுப்போம், ஒரு சூழ்நிலையில கொண்டுபோய் விடுவோம். அதுவா யோசிச்சு அதுவா நடக்கும். நாங்க கேமரா மட்டும்தான் வைப்போம். அதனாலதான் நடிப்பு அவ்ளோ உயிரா இருக்கு."

"உயிரா இருந்தா வெடிக்க மாட்டேங்குது. அதானே?"

பிரமீளா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள்.

சுவர் அகலத்துக்கு இருந்த திரையின் ஒரு மூலையில் ஹால்வர்சன் தெரிந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். மொகுதூமைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து வரவேற்றார்.

"உங்கள் ஆள் என்னைக் கொல்கிறான் மிஸ்டர் நைனா! கொல்ல வேண்டியவர்களை மட்டும் விட்டுவிடுகிறான்" என்றார். "அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குண்டுவீச்சில் செத்த தம்பியைக் கொடுத்தோம். கோபத்தைக் கொடுத்தோம். ஆனாலும் வீட்டுக்குப் போய்விடுகிறான். மதம்தான் தடுக்கிறதோ என்று தொழுகையை எடுத்துப் பார்த்தோம். திரும்பினான். தாயாக இருக்குமோ என்று தாயின் நினைவுகளை எடுத்தோம். அப்போதும் திரும்பினான். இப்போது வாசலில் நின்று கதவைக்கூடத் தட்டாமல் அழுகிறான். எதற்கு அழுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை."

மொகுதூமின் உம்மா ஊரில் உயிரோடு இருந்தார். காலையில்தான் இவர் போனில் பேசி, உம்மா மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டிருந்தார். அந்த உம்மாவை, தன்னைப் போலவே இருக்கும் ஒருவன் தலைக்குள்ளிருந்து இவர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டார்.

"காட்சியப் போடுங்க" என்றார்.

திரையில் ஒரு ஊர் விரிந்தது. பெயர் அல்-கர்மாஸ், எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அமெரிக்கப் படத்தில் கதை அரபு நாட்டுக்குள் நுழைந்தால் வெயில்கூட மஞ்சள்காமாலை கண்டதுபோல் ஆகிவிடும். இங்கேயும் ஆகியிருந்தது. தெருவில் ஒரு ஒட்டகம் காரணமே இல்லாமல் குறுக்கே போனது. எவனோ எவனிடமோ கத்தினான். அந்த ஊரில் யாருமே மெதுவாகப் பேசுவதில்லை போலும். இத்தனை சத்தத்துக்கும் நடுவே ஒரு கதவு திறந்து, யூசுஃப் வெளியே வந்தான். தன் முகத்தையே அப்படிப் பார்க்க மொகுதூமுக்குக் கூச்சமாக இருந்தது. தாடியைக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தார்கள். புருவத்தையும் தடிப்பாக்கியிருந்தார்கள்.

யூசுஃப் வாசலில் நின்று மனைவியிடம் பேசினான். மொகுதூம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவன் தமிழ்லல்லா பேசுறான்?"

"பின்ன என்ன பாய், உங்க வாழ்க்கைதானே உள்ள இருக்கு" என்றாள் பிரமீளா தணிந்த குரலில். "அந்தப் பொண்ணு மொராக்கோக்காரி ஒருத்தியோட நிழல். அது அரபியில பேசும். ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதுல அவங்கவங்க பாஷையில விழுற மாதிரி செஞ்சிருக்கோம்."

"இயக்குநருக்குத் தெரியுமா?"

"மெயில் போட்டேன். பார்த்திருந்தாத்தானே?"

மொகுதூம் திரையின் மூலையைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "ஐயா, இவன் என்ன பாஷை பேசுகிறான்?"

"அரபிதானே?" என்றார் ஹால்வர்சன், கொஞ்சமும் தயங்காமல். "அற்புதமாக இருக்கிறது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கேட்கும்போதே முதுகு சில்லிடுகிறது."

காயல்பட்டினத்துத் தமிழைக் கேட்டு ஒருவருக்கு முதுகு சில்லிட்டதாக மொகுதூம் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். ஊரில் இந்தச் செய்தி தெரிந்தால் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள்.

"இன்னொரு தடவ போடும்மா" என்றார் பிரமீளாவிடம்.

மறுபடியும் கதவு திறந்தது. மறுபடியும் யூசுஃப் வாசலில் நின்றான். மனைவியின் தலையில் கை வைத்து, மெதுவாக, மொகுதூமின் அதே கரகரத்த குரலில் சொன்னான்:

"போயிட்டு வாறேன்."

மொகுதூம் பிரமீளாவைப் பார்த்தார். பிரமீளாவும் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. பல நாளாக அந்தக் காட்சியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழுந்தும் மனதில் விழவில்லை. வீட்டை விட்டு இறங்கும் தமிழன் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை என்பதை யார்தான் கவனித்துக் கேட்கிறார்கள்?

"வாறேன்னு சொல்லிட்டான்ல" என்றார் மொகுதூம்.

"நிழலுக்குப் பொய் சொல்லத் தெரியாது பாய்" என்றாள் அவள், உதடு அதிகம் அசையாமல். "வாயால சொன்னதை அது அப்படியே செய்யப் பார்க்கும். வரேன்னு சொல்லிட்டா வந்துதான் ஆவணும். நாங்க வேற என்ன உருவினாலும் திரும்பி வர்றது நிக்காது."

"இத அவருகிட்ட சொன்னா?"

"அந்த ஒரு வார்த்தையை எடுத்துடுவாங்க. ஒரு நிமிஷ வேலை."

"சொல்லலன்னா?"

"சுரண்டுவாங்க. பொண்டாட்டி, புள்ளைங்க, ஊரு, கடலு, எல்லாத்தையும். கடைசியில பட்டனை அழுத்துற கை மட்டும் மிஞ்சினாப் போதும்னு சுரண்டுவாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "நான் செஞ்ச ஆளு பாய் அது. என் கையாலேயே சுரண்டச் சொல்லுவாங்க."

ஹால்வர்சன் பொறுமை இழந்தார். "ஏதாவது கண்டுபிடித்தீர்களா?"

"இல்லை" என்றார் மொகுதூம். அவர் நல்ல நடிகர் என்பதற்கு அந்த 'இல்லை' ஒன்றே போதும்.

"சரி. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது" என்றார் ஹால்வர்சன். "படத்தில் அவனுக்குத் தலைவனிடமிருந்து ஒரு போன் வர வேண்டும். அந்தத் தலைவனை நீங்கள் பேசுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஒரு அண்ணன் இருந்தார் இல்லையா? அவர் பேச்சை நீங்கள் தட்டியதே இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்றுபோல இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணனாகப் பேசி, அழுத்தச் சொல்லுங்கள். அழுத்திவிட்டான் என்றால் அவனை நாங்கள் தொட மாட்டோம். இல்லையென்றால் நாளைக்கே வேறு வழி பார்க்க வேண்டியதுதான்."

அந்த அண்ணன், செய்கு காக்கா, கொழும்பில் கடை வைத்திருந்தவர். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மொகுதூமின் நிழலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் துக்கம் யூசுஃப்பின் முகத்தை ரொம்ப நல்லவனாகக் காட்டுகிறது என்று முதல் வாரமே அந்த மரணத்தை எடுத்துவிட்டார்கள். யூசுஃப்புக்கு அவனுடைய காக்கா இன்னமும் உயிரோடுதான் இருந்தார்.

மொகுதூம் ஒலிவாங்கிக்கு முன் போய் உட்கார்ந்தார். ஆயிரம் முறை உட்கார்ந்த இடம்தான்.

திரையில் யூசுஃப் படகுத்துறைக் கூட்டத்தில் நின்றான். சுற்றிலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள், பலூன், ஐஸ்கிரீம். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான்.

"யாரு?"

"நாந்தான்டா."

உடனே அந்த முகம் முழுக்க மலர்ந்தது. இருபது வருஷமாக எந்த அமெரிக்கப் படத்திலும் அந்த மாதிரி முகத்துக்கு அப்படி ஒரு சிரிப்பை யாரும் கொடுத்ததில்லை.

"காக்கா! கொழும்புலேந்து எப்ப வந்திய? ஒரு வார்த்த சொல்லலியே!"

மொகுதூம் ஒலிவாங்கியை நெருக்கி இழுத்துக்கொண்டார். தன் குரலிலேயே தன்னை ஒருவன் காக்கா என்கிறான். செத்துப்போன அண்ணனைத் தேடி இரண்டு வருஷமாக அவர் ஏங்கிய ஏக்கமெல்லாம் எதிர்ப்பக்கம் இருந்து பாசமாக வந்து மேலே விழுகிறது.

"அழுத்தச் சொல்லுங்கள்" என்று காதுக்குள் ஹால்வர்சன் கிசுகிசுத்தார்.

சொன்னால் செய்துவிடுவான். அதில் மொகுதூமுக்குச் சந்தேகமே இல்லை. காக்கா கிணற்றில் குதி என்றால் எந்தக் கிணறு என்று மட்டும் கேட்டு வளர்ந்தவர் அவர்.

"தோள்ல என்னடா?"

"பை காக்கா. ரொம்பக் கனக்குது."

"கனக்குறத எதுக்குச் சொமக்குற? கடல்ல போடு."

"போட்டுரவா? பை குடுத்தவங்க ஏசுவாங்களே."

"ஏசுனா நான் பாத்துக்கிறேன். போட்டுட்டு வீட்டுக்குப் போ. கதவத் தட்டி, உம்மான்னு கூப்புடு."

யூசுஃப் குழப்பத்தோடு கடலைப் பார்த்தான்.

"உம்மாவா? அது யாரு காக்கா?"

மொகுதூமின் கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"ஒனக்கு மறந்துட்டுது. பரவாயில்லடா. உம்மான்னு ஒருத்தங்க நமக்கு உண்டு. நீ எவ்வளவு நேரங்கழிச்சுப் போனாலும் திங்காமக் காத்திருப்பாங்க. மொவம் ஞாபகம் வரலன்னாலும் நீ கூப்புடு. கூப்புட்டா வருவாங்க."

"சரி காக்கா" என்றான் யூசுஃப்.

பை தண்ணீரில் விழுந்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

"என்ன சொன்னார்? அவன் ஏன் ஓடுகிறான்?" என்று ஹால்வர்சன் பிரமீளாவைக் கேட்டார்.

"கட்டளை கொடுத்துவிட்டார்" என்றாள் பிரமீளா ஆங்கிலத்தில். "அவன் அதைத்தான் செய்யப்போகிறான்." அவள் வேலை அந்த இரண்டு வாக்கியத்தில் போயிருக்கலாம். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

திரையில் யூசுஃப் வீட்டு வாசலுக்கு வந்து, மூச்சு வாங்க, கண்ணீரோடு கதவைத் தட்டினான்.

"உம்மா! நாந்தான். கதவத் தொறங்க."

ஹால்வர்சன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"அபாரம்! சொந்தக் குடும்பத்தையே கொல்லத் திரும்பி வருகிறான்! இதை இதுவரை யாருமே எடுத்ததில்லை. நம் கதாநாயகன் கதவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். கண்ணீரைப் பாருங்கள், வெறியின் கண்ணீர்! பையை அப்புறம் வரைந்துகொள்ளலாம்."

பிரமீளா தலையில் கைவைத்துக்கொண்டாள். உம்மாவைத் தேடி வந்தாலும் இவர்கள் கண்ணுக்கு அவன் கொலைகாரன்தான். என்ன செய்தாலும், எந்த வாசலில் போய் நின்றாலும்.

"ஐயா, அவன் தாயைப் பார்க்க வருகிறான்" என்றார் மொகுதூம்.

"அது இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ரசிகனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஹால்வர்சன் அன்போடு. "திரையில் கீழே என்ன எழுதுகிறேனோ அதுதான் அவன் சொன்னது. வேண்டுமானால் இந்தக் குரலை எடுத்துவிட்டு நல்ல அரபி ஆள் ஒருவரைப் பேசவைக்கட்டுமா?"

அந்த இடத்தில்தான் மொகுதூமுக்கு இருபது வருஷத்து அனுபவம் கைகொடுத்தது. படத்தில் மற்ற எல்லோருக்கும் டப்பிங் உண்டு. வில்லன் ஆங்கிலத்தை விட்டுத் தன் பாஷையில் முணுமுணுப்பதை மட்டும் எந்த நாட்டிலும் யாரும் தொடுவதில்லை. அப்படியே விட்டு, கீழே எழுத்துப் போடுவார்கள். உலகம் பூராவும் அந்த ஒரு குரல் மட்டும் பிறந்தபடியே போய்ச் சேரும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாற்றாதீர்கள் ஐயா" என்றார், தொழில் தெரிந்தவனின் நிதானத்தோடு. "உதட்டசைவு ஒட்டாது. அதோடு, முதுகு சில்லிடுகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தப் பயமெல்லாம் இந்தப் பாஷையில்தான் இருக்கிறது. இந்தக் குரலைத் தொடாதீர்கள். கீழே உங்கள் இஷ்டம்போல எழுதிக்கொள்ளுங்கள்."

ஹால்வர்சன் யோசித்தார். பாராட்டை யார்தான் திருப்பிக் கொடுப்பார்கள்?

"நீங்கள் உண்மையான கலைஞர்" என்றார்.

படம் வெளிவந்தது. மொகுதூம் பல்கீஸையும் அழைத்துக்கொண்டு ராயப்பேட்டையில் ஒரு மதியக் காட்சிக்குப் போனார். அவள் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்து, பிறகு, தனியாக விட மனமில்லாமல் வந்தாள். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, அவர் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். அரங்கு நிறைந்திருந்தது. மஞ்சள் வெயிலுக்கு விசில் அடித்தார்கள். தலைமுடி கலையாமல் குதித்த அமெரிக்கக் கதாநாயகனுக்குக் கைதட்டினார்கள்.

யூசுஃப் வந்தான். கீழே தமிழ் எழுத்து ஓடியது: 'இன்று சொர்க்கம் போகிறேன்.' அவன் வாயோ வேறு சொன்னது.

"போயிட்டு வாறேன்."

அரங்கில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "மச்சி, தமிழ்ரா!" என்றான் இன்னொருவன். "எங்க ஊருப் பேச்சு மாதிரில்லா இருக்கு" என்று பின்வரிசையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பல்கீஸின் நகம் மொகுதூமின் உள்ளங்கையில் பதிந்தது.

போன் வந்தது. கீழே 'எல்லோரையும் எரித்துவிடு' என்று எழுத்து. மேலே மொகுதூமின் குரல் கனக்கிற பையைக் கடலில் போடச் சொன்னது. சிரிப்பு குறைந்தது. யூசுஃப், உம்மா யார் என்று கேட்டபோது அரங்கில் ஒரு சத்தம் இல்லை. பாப்கார்ன் கொறிக்கிற சத்தம்கூட நின்றிருந்தது.

அவன் ஓடினான். வரைந்து சேர்த்த பை தோளில் குதித்தது. கதவைத் தட்டினான். கீழே 'நீங்கள் எல்லோரும் சாவீர்கள்.' கதவுக்குப் பின்னால் கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கினான்.

"உம்மா! நாந்தான். கதவத் தொறங்க."

முன்வரிசையில் ஒரு கனத்த மனிதர் எழுந்து நின்றேவிட்டார்.

"டேய், சுடாதடா! அவன் அவுங்கம்மாவக் கூப்புடுறான்டா!"

"சுடாதடா!" என்று இன்னொரு குரல். பிறகு பத்து, ஐம்பது. கதாநாயகனுக்குத் தமிழ் புரியாது. சுட்டான். கைதட்டலுக்கென்று இயக்குநர் விட்டுவைத்திருந்த இடைவெளியில் யாரோ விம்முவதுதான் கேட்டது.

விளக்கு போட்டார்கள். மொகுதூம் எழுந்திருக்காமல் இருந்தார். வெளியேறிக்கொண்டிருந்தவர்களில் அந்தக் கனத்த மனிதர் இவர்கள் வரிசையைக் கடக்கும்போது தற்செயலாகத் திரும்பினார். இவர் முகத்தைப் பார்த்தார். திடுக்கிட்டு நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பல்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவர் வரிசைக்குள் நுழைந்து, நாற்காலிகளில் இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து, காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் விழித்தார்.

"அம்மா நல்லாருக்காங்களா பாய்?" என்றார்.